கழித்துவிட்ட வீடு

மிக்சி ஓடுகிற சத்தத்தை வைத்தே அது எந்த வீட்டு மிக்சி என்று வெள்ளியங்கிரி சொல்லிவிடுவார். மின்வாரியத்தின் மீட்டர் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தெட்டு வருஷம் உட்கார்ந்திருந்தவர். அவருக்குத்தான் ஓய்வு கொடுத்தார்கள். காதுக்கு யாரும் கொடுக்கவில்லை. லிப்ட் கதவு மூடுவதற்கு முன்னால் ஏன் ஒரு தடவை தயங்குகிறது, மூன்றாம் மாடியில் குழாயைத் திருகினால் முதல் மாடியில் ஏன் உறுமுகிறது, ஒரே கடையில் வாங்கிய இரண்டு ஃபேனில் ஒன்று மட்டும் ஏன் கிறீச்சிடுகிறது என்று நாள் முழுக்க ஏதாவது ஒன்று அவரை அரித்துக்கொண்டே இருக்கும். அரித்தால் சொறிந்தாக வேண்டும். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

சிங்காநல்லூருக்கு அப்பால் இருந்த அந்தக் குடியிருப்பில் இருபத்து நாலு வீடு. எந்த வீட்டிலும் அவர் கை படாத சாமான் கிடையாது. காசு வாங்க மாட்டார். ஒரு டம்ளர் காப்பியும், பழுது என்னவென்று அவர் விளக்கும்போது தலையாட்ட ஒரு ஆளும் இருந்தால் போதும்.

“ஊரார் ஊட்டு மிக்சிக்கெல்லாம் ஆஸ்பத்திரி வெச்சிருக்காரு,” என்பாள் அவர் மனைவி கலாமணி. “நம்ம ஊட்டு கிரைண்டரு ரெண்டு மாசமாக் கத்துது. அதுக்கு டோக்கன் போடணுமாட்ட இருக்குது.”

“நம்ம ஊட்டுதுதானே, எப்ப வேணாலும் பாத்துக்கலாம்,” என்பார் வெள்ளியங்கிரி.

மாசி பிறந்துவிட்டால் நாளுக்கு ஆறு மணி நேரம்தான் அரசு மின்சாரம் என்று ஆகி அது மூன்றாவது வருஷம். மற்ற நேரத்துக்கு, மொட்டைமாடித் தகடுகளில் வெயிலைப் பிடித்து, கார் நிறுத்தும் தளத்தில் ஒரு அறை நிறைய அடுக்கியிருந்த பேட்டரியில் சேர்த்து, அதைத்தான் எல்லோரும் பகிர்ந்துகொண்டார்கள். பேட்டரி லைனுக்கு வீட்டுக்கு வீடு மீட்டர் வைக்கவில்லை. நமக்குள்ளே எதுக்குங்க மீட்டரு என்று முதல் கூட்டத்திலேயே பேசி முடித்திருந்தார்கள். அதற்குப் பதிலாக ஒரு விதி: பேட்டரி லைனில் ஏ.சி., ஹீட்டர் போடக் கூடாது. விதியை எழுதிக் கொடுத்தவர் வெள்ளியங்கிரி. எழுதிய கையோடு, பெங்களூரில் இருக்கும் மகன் தன் அறையில் மாட்டிவிட்டுப் போன ஏ.சி.யின் வயரைக் கழற்றி, டேப் சுற்றி, ஊருக்கு முன்மாதிரியாகவும் நின்றார்.

அந்த வருஷம் மாசி நடுவிலிருந்து கணக்கு உதைத்தது. இரவு பதினொன்று வரை தாங்க வேண்டிய பேட்டரி பத்தே காலுக்கே படுத்துக்கொண்டது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் பாதிப் பாடத்தில் எழுந்து ஜன்னலைத் திறந்தார்கள். யார் வீட்டு ஜன்னல் பகலில் சாத்தியே கிடக்கிறது என்று ஒருவரை ஒருவர் பார்க்க ஆரம்பித்தார்கள். சங்கச் செயலாளர் கிரிதரன், நூல் வியாபாரம் செய்கிறவர், ஒருநாள் வெள்ளியங்கிரியைத் தேடி வந்தார்.

“அண்ணா, யாரோ ஏ.சி. போடறாங்க. ஊட்டுக்கு ஊடு மீட்டர் வெச்சாக் கண்டுபுடிச்சரலாமுங்களா?”

“எதுக்குங்க இருபத்து நாலு மீட்டரு? பேட்டரி ரூம்புலருந்து மேல போறது ஒரே கம்பி. அதைக் கேட்டாப் போதும்.”

“கம்பியக் கேக்கறதா?”

“உங்க ஊட்டு ஃப்ரிட்ஜ் ஓட ஆரம்பிக்குதுன்னு வெய்யுங்க. ஆரம்பிக்கற நொடியில ஒரு இழுப்பு இழுக்கும். எங்க ஊட்டு ஃப்ரிட்ஜ் வேற மாதிரி இழுக்கும். ஒரே கம்பெனி, ஒரே மாடல்னாலும் வேறதான். ஒருத்தர் கைநாட்டு மாதிரி இன்னொருத்தர் கைநாட்டு இருக்குதுங்களா?”

“அது செரி. இருபத்து நாலு ஊடும் ஒரே கம்பியில கலந்தல்ல வரும்?”

“கல்யாண மண்டபத்துல நூறு பேரு பேசறாங்க. அதுக்கு நடுவுல உங்க சம்சாரம் கூப்பிட்டா உங்களுக்குக் கேக்கறதில்லையா?”

“கேக்கும். கேக்காத மாதிரி இருந்துக்குவேன்,” என்றார் கிரிதரன்.

வெள்ளியங்கிரி சிரித்தார். ஆனால் அந்த நிமிஷமே மனசுக்குள் பெட்டி உருவாகத் தொடங்கிவிட்டது. காந்திபுரத்தில் வாங்கிய, தானாகக் கற்றுக்கொள்ளும் சில்லு ஒன்று, கம்பியைக் கடிக்கிற கிளாம்ப் ஒன்று, சின்னத் திரை, கண்டதை வாசித்துச் சொல்ல ஒரு குரல். பத்தே நாளில் முடித்தார். பேட்டரி அறையில் கம்பியில் மாட்டியதும் அது இரவு பகலாகப் பதிவு செய்ய ஆரம்பித்தது. அடுத்தது, எந்த இழுப்பு எந்தச் சாமானுடையது என்று அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதற்கும் அவருக்கு வழி இருந்தது. எல்லா வீட்டுச் சாமானும் அவரிடம்தானே பழுதுக்கு வருகிறது. சரி செய்து கொடுக்கும்போது, “ஒரு நிமிஷம் ஓட்டிப் பாத்துக்கறனுங்க,” என்று கிளாம்பை மாட்டி அதன் கைநாட்டை எடுத்துக்கொண்டார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததால் அவரும் சொல்லவில்லை.

கேட்டது ஒரே ஒரு ஆள்தான். மூன்று சி வீட்டு ஆதிரை. பதினொன்றாம் வகுப்பு. அம்மா மிருதுளா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். வீட்டில் இவர்கள் இருவர்தான். எதிரே யாராவது வந்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டு போகிற பெண். மஞ்சள் பையில் ஒரு மேசை விளக்கைப் போட்டு எடுத்து வந்து, “எரிய மாட்டீங்குதுங்க,” என்று சொல்லிவிட்டு நின்றாள். அவர் சுவிட்சை மாற்றி, கிளாம்பை மாட்டினார்.

“இது எதுக்குங்க?” என்றாள் மெதுவாக.

வெள்ளியங்கிரிக்கு வேறென்ன வேண்டும். பத்து நிமிஷம் விளக்கினார். அவள் ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள்.

“அப்ப, யாரு ஊட்டுல எப்ப லைட்டு எரிஞ்சுதுன்னு தெரிஞ்சிருமுங்களா?”

“எப்ப எரிஞ்சுது, எவ்வளவு நேரம் எரிஞ்சுது, அத்தனையும். பத்து நாள் முன்னாடி எரிஞ்சிருந்தாலுஞ் சொல்லும்.”

“எல்லார் ஊடுமா?”

“எங்க ஊட்டைத் தவுத்து. எங்க ஊட்டுல என்ன ஓடுது, எப்ப ஓடுதுன்னு எனக்கே தெரியுமல்ல? அதை அளவுக்கு வெச்சுட்டுத்தான் மத்த ஊட்டையெல்லாம் பெட்டி எடை போடுது. அதனால ஒன்று ஏ-வை மட்டும் கழிச்சரச் சொல்லிட்டேன்.”

அவள் விளக்கைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். மாடிப்படி வளைவில் சிறிது நேரம் நின்றுவிட்டுத்தான் ஏறினாள். அதை அவர் பார்த்தார். பார்த்தது நினைவுக்கு வந்தது பின்னால்தான்.

பங்குனி இரண்டாம் ஞாயிறு கூட்டம் கார் நிறுத்தும் தளத்தில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஃப்ளாஸ்க்கில் காப்பி, தட்டில் முறுக்கு. வெள்ளியங்கிரி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பெட்டியை மேசைமேல் வைத்திருந்தார். திருட்டு ஏ.சி. இன்னும் பிடிபடவில்லை என்பது அவருக்குத் தெரியும். பெட்டி எந்த வீட்டிலும் ஏ.சி.யைக் காட்டவில்லை, மொத்தத்தில் மட்டும் ஏதோ இடித்தது. பேட்டரி கிழடு தட்டியிருக்கலாம் என்று நினைத்திருந்தார். ஆனாலும் பெட்டியைக் காட்டாமல் இன்னொரு வாரம் தள்ளிப்போட மனசு கேட்கவில்லை.

“நம்பறதெப்படிங்ணா?” என்றார் கிரிதரன். “ஏதாச்சும் ஒரு ஊட்டைச் சொல்லிக் காட்டுங்க.”

“பகல்ல ஆளே இல்லாத ஊட்டப் போடுங்க. சைபர் காட்டுதான்னு பாக்கலாம்,” என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

மிருதுளா சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினாள். “எங்க ஊட்டப் போடுங்க சார். காலைல எட்டு மணிக்குப் பூட்டுனா சாயங்காலம் அஞ்சரைக்குத்தான் தெறக்கறோம்.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆதிரை அம்மாவின் முந்தானை நுனியைப் பிடித்து இழுத்தாள். மிருதுளா அவள் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு முறுக்கை நீட்டினாள்.

வெள்ளியங்கிரி பொத்தானை அழுத்தினார். பதிவு தொடங்கிய முதல் நாளிலிருந்து பெட்டி வாசித்தது. ஏற்ற இறக்கமில்லாத குரல்.

“மூன்று சி. திங்கள். ஒன்பது முப்பத்தைந்து, ஃபேன். ஒன்பது நாற்பது, மேசை விளக்கு. பதினொன்று ஐந்து, கெட்டில், நான்கு நிமிடம். மேசை விளக்கு, மாலை நான்கு வரை. செவ்வாய். ஒன்பது முப்பத்திரண்டு, ஃபேன். ஒன்பது முப்பத்தாறு, மேசை விளக்கு…”

புதன் வரைக்கும் எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வியாழன் வந்தபோது நாற்காலிகள் திரும்பின. தினமும் எட்டு மணிக்குச் சீருடையில், முதுகில் பையோடு, அம்மாவுக்குக் கை காட்டிவிட்டுப் போகிற பெண்ணை எல்லோரும் பார்த்தார்கள். அவள் கையிலிருந்த முறுக்கு உடையாமல் அப்படியே இருந்தது.

மிருதுளா எழுந்தாள். முகத்தில் பழைய சிரிப்பு இன்னும் ஒட்டியிருந்தது. “வயரு மாறியிருக்கும்ல சார்? பக்கத்து ஊட்டோடது இதுல வந்திருக்கும்.”

ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். வெள்ளியங்கிரி அந்த ஒரு சொல்லைப் பிற்பாடு எத்தனையோ முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்திருக்கிறார். அன்றைக்கு அவர் வாயில் வந்தது வேறு.

“மாற வழியே இல்லீங்க. அந்த டேபிள் லைட்ட நான்தான ரிப்பேர் பண்ணிக் குடுத்தேன். இது அதோட கைநாட்டேதான்.”

மிருதுளா மகளின் தோளில் கை வைத்தாள். “வா,” என்றாள். லிப்ட்டுக்குக் காத்திருக்கவில்லை. படிகளில் இரண்டு ஜோடிச் செருப்புச் சத்தம் மூன்றாம் மாடி வரைக்கும் கேட்டது.

“அப்ப பகல்ல பேட்டரிய உறிஞ்சறது இதுதானா?” என்றார் கிரிதரன். “பூட்டுன ஊடுன்னு நாமெல்லாம் நெனச்சிட்டிருந்தோம்.”

“கழுதை கெட்ட கேடு. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுட்டு ஊட்டுல என்னென்ன போட்டுட்டு உக்காந்திருந்துச்சோ,” என்றாள் ஒருத்தி.

மேசை விளக்கு ஒன்பது வாட். ஃபேன் முப்பத்தைந்து. கெட்டில் நாலு நிமிஷம். இருபத்து நாலு வீட்டுப் பேட்டரியை முக்கால் மணி நேரம் குறைக்க இது எந்த மூலைக்குக் காணும்? எண் அவர் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் யாரோ கை தட்ட ஆரம்பித்தார்கள். இன்னும் நாலு பேர் தட்டினார்கள். கிரிதரன் அவர் முதுகில் தட்டி, “கோயமுத்தூர்லயே இப்படியொரு ஆளு கெடையாதுங்க,” என்றார். வெள்ளியங்கிரி எண்ணை விழுங்கிவிட்டுச் சிரித்தார். எதிர் வரிசையில் கலாமணி தலையைக் குனிந்து, மடியிலிருந்த முறுக்குத் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்று சி வீட்டுக்குப் பேட்டரி லைனைக் கோடை முடிகிற வரை துண்டிப்பது என்று முடிவானது. லிப்ட் பக்கத்துப் பலகையில் வீட்டு எண்ணையும் எழுதினார்கள்.

துண்டித்த அன்றும் பேட்டரி பத்தே காலுக்குப் படுத்தது. மறுநாளும் பத்தே கால்.

“அந்தப் புள்ள வேற எங்கயாச்சும் வயரு போட்டு இழுக்குதோ என்னமோ,” என்றார் கிரிதரன் போனில்.

“அதெல்லாம் இருக்காதுங்க,” என்றார் வெள்ளியங்கிரி. போனை வைத்துவிட்டார்.

புதன்கிழமை காலை பேட்டரி அறையில் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து மூன்று சி-யின் பதிவைத் திரும்ப ஓட்டினார். முதல் வாரம் ஃபேன், விளக்கு, கெட்டில். விளக்கைப் பழுதுக்குக் கொண்டுவந்த நாளுக்கு அப்புறம் பகலில் ஒன்றுமே இல்லை. அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு அந்தப் பெண் வீட்டில் ஒரு சுவிட்சைத் தொடவில்லை. பங்குனி வெயிலில் ஃபேன்கூடப் போடாமல் எங்கே உட்கார்ந்திருந்தாள்?

அவருக்குப் பரிசோதனைக் கூடம் நினைவுக்கு வந்தது. அங்கே மூல மீட்டர் என்று ஒன்று உண்டு. மற்ற மீட்டரையெல்லாம் அதோடு ஒப்பிட்டுத்தான் சரி, தப்பு சொல்வார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை அந்த மூல மீட்டரையே பஞ்சு வைத்துப் பொதிந்து, சீல் போட்டு, அதைவிட உசத்தியான ஒன்றோடு ஒப்பிடப் பெங்களூருக்கு அனுப்புவார்கள். அனுப்புகிற வேலை அவருடையது. இருபது வருஷம் தவறாமல் அனுப்பியவர். கணக்கு எங்கேயும் பிடிபடவில்லை என்றால் முதலில் மூல மீட்டரைச் சந்தேகப்படு என்று புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் சொன்னவர்.

ஒன்று ஏ வீட்டைக் கழிக்கச் சொன்ன கட்டளையை நீக்கினார்.

“ஒன்று ஏ,” என்றது பெட்டி. “பதினொன்று ஐந்து முதல் பன்னிரண்டு ஐம்பது வரை, ஏ.சி. மூன்று பத்து முதல் ஐந்து வரை, ஏ.சி.” முதல் நாளிலிருந்து இன்றுவரை ஒரு நாள் விடாமல். அவர் கீழே இறங்கி வந்து பேட்டரி அறையில் உட்காருகிற நேரம் அத்தனையும் அதில் இருந்தது. “ஏ.சி. தற்போது ஓடிக்கொண்டிருக்கிறது.”

படியேறிப் போனார். பையில் சாவி இருந்தது. இருந்தும் தன் வீட்டு மணியைத் தானே அடித்தார்.

“தெறந்துதான் இருக்குது,” என்று உள்ளிருந்து கலாமணி குரல் வந்தது.

மகன் அறை சில்லென்றிருந்தது. கலாமணி கட்டிலில் சாய்ந்து, இரண்டு காலையும் ஸ்டூல்மேல் நீட்டி, ஈரத்துண்டைப் போர்த்தியிருந்தாள். எழுந்திருக்கவில்லை. ஏ.சி.யை அணைக்கவும் இல்லை.

“எத்தன நாளா?” என்றார்.

“ஏ.சி.யா, காலா?”

அவர் ஸ்டூல் மேலிருந்த கால்களைப் பார்த்தார்.

“காலு பொங்கலுக்கு முன்னாடியிருந்து எரியுதுங்க. தணல்மேல நிக்கற மாதிரி. வெயிலு ஏற ஏறத் தாங்க முடியல. குளுருச்சியில வெச்சாக் கொஞ்சம் அடங்குது. டாக்டரப் பாத்தாச்சு. சக்கரை நரம்பத் தொட்டிருச்சாம். மிருதுளாதான் ரத்தம் எடுத்துட்டுப் போயி டெஸ்ட் பண்ணிக் குடுத்துச்சு. யாருகிட்டயும் சொல்லாத கண்ணுன்னேன். இன்னிக்கு வரைக்கும் சொல்லல.”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா என் காலையும் கழட்டிப் பாத்திருப்பீங்க.” அவள் குரலில் கோபமில்லை. “கிளாம்ப மாட்டி, கலா கொஞ்சம் நடந்து காட்டு, இப்ப ஓடிக் காட்டுன்னு. ஞாயித்துக்கெழமை கூட்டத்துல படம் போட்டுக் காட்டியிருப்பீங்க.”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். கண் சுவரிலிருந்த ஏ.சி.க்குப் போனது.

“அந்த வயரு…”

“நாப்பது வருசமா உங்க பக்கத்துல டார்ச் அடிச்சுட்டு நின்னவ. டேப்பப் பிரிச்சு வயரச் சொருகி ஸ்க்ரூ முடுக்கத் தெரியாதா எனக்கு?”

கட்டிலுக்கு எதிரே சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்று கிடந்தது. அதன் அருகில் தரையில் பென்சில் சீவிய சுருள்கள்.

“இந்தச் சேரு?”

“ஆதிரை உக்கார்ற சேரு.” கலாமணி துண்டைச் சரி செய்துகொண்டாள். “லைட்ட ரிப்பேருக்குக் கொண்டாந்தாளே, அதுக்கு மக்யா நாளு நீங்க கீழ போனதும் வந்தா. ‘பெரீம்மா, உங்க ஊடு மட்டும் அந்தப் பெட்டிக்குக் கேக்காதாமா. இங்க உக்காந்துக்கட்டுமா’ன்னா. அப்பறந்தான் சொன்னா, தை மாசத்துலருந்தே பள்ளிக்கூடம் போறதில்லைன்னு. முன்னாடி நின்னு பேசச் சொல்றாங்களாம். நின்னா வாய் ஒட்டிக்குதாம், மத்த புள்ளைக சிரிக்கிறாங்களாம். இங்க உக்காந்து நோட்டு நோட்டா என்னமோ எழுதுவா. நா எம் பாட்டுக்குக் காலை நீட்டிப் படுத்திருப்பேன். அவ விசியத்த நா சொல்றதில்ல, எம் விசியத்த அவ சொல்றதில்ல.”

“மிருதுளாகிட்ட நீயாச்சும்…”

“அவளே சொல்றேன்னிருந்தா. திங்கக்கெழமை அம்மாளுக்கு லீவு, அன்னிக்குச் சொல்லிர்றேன்னா. எப்பிடி ஆரம்பிக்கறதுன்னு நாலு வரி எழுதிக்கூட வெச்சிருந்தா, எங்கிட்டப் படிச்சுக் காட்டுனா. நீங்க ஞாயித்துக்கெழமையே சொல்லிப்போட்டீங்க.”

ஏ.சி. ஒரு தடவை நின்று மறுபடியும் ஓட ஆரம்பித்தது. அந்த இழுப்பு எப்படி இருக்கும் என்று அவருக்கு மனப்பாடமாகத் தெரியும்.

“கூட்டத்துல,” என்றார், “பேட்டரிய உறிஞ்சறது அவதான்னு எல்லாருஞ் சொன்னப்போ, இந்த ஏ.சி.யைப் பத்தி அவளுக்குத் தெரியும்.”

“தெரியாம? இந்தச் சேருலதான உக்காந்திருந்தா.”

“அவங்கம்மாகிட்டயும் சொல்லலியா?”

“சொல்லியிருந்தா மிருதுளா அன்னிக்கே வந்து நம்ம கதவத் தட்டியிருக்கும்.” கலாமணி தன் கால்களைப் பார்த்தாள். “படியேறப் போறதுக்கு முன்னாடி அந்தப் புள்ள ஒருக்கா எம் மொகத்தப் பாத்துச்சுங்க. நா குனிஞ்சுக்கிட்டேன்.”

அந்த நாற்காலியில் உட்கார வெள்ளியங்கிரிக்குக் கூச்சமாக இருந்தது. நின்றுகொண்டே இருந்தார்.

“எழுதிப் போடப் போறீங்கன்னா எம் பேரப் போட்டுக்குங்க,” என்றாள் கலாமணி கடைசியில். “காலப் போடாதீங்க.”

பலகையில் மூன்று சி என்றிருந்ததை அவரே ஈரத்துணியால் துடைத்தார். கருவியின் பிழையால் என்று எழுத ஆரம்பித்து, அதையும் துடைத்தார். பிறகு எழுதினார்: ‘பேட்டரி லைனில் மாசி முதல் ஏ.சி. ஓடியது 1ஏ வீட்டில். 3சி வீட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 3சி காரணமில்லை என்று கூட்டத்தன்றே எனக்குத் தெரியும். வெள்ளியங்கிரி.’

கிரிதரன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். “அண்ணா, கடைசி வரி வேண்டாமுங்களே. மெஷின் கோளாறுன்னு போட்டுருங்க. முடிஞ்சுது. யாரும் கேக்க மாட்டாங்க.”

“மெஷின் செரியாத்தானுங்க சொல்லுச்சு,” என்றார் வெள்ளியங்கிரி.

சாயங்காலம் மூன்று சி-யின் லைனைச் சேர்த்துவிட்டு மேலே போனார். மிருதுளா சங்கிலியை எடுக்காமல் கதவைத் திறந்தாள்.

“பலகையப் பாத்தேன் சார்,” என்றாள் அவள். “பேட்டரி கெடக்கட்டும். வயரு மாறியிருக்கும்லன்னு கேட்டேனே. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, ஊட்டுக்குள்ள வந்து நாங்களே பேசிட்டிருப்போம். அவளும் நானும். அத்தன பேரு முன்னாடி அவ மொகத்தப் பாக்க வேண்டியதாப் போச்சு.”

“ஆதிரை இப்ப…” என்று தொடங்கினார். பள்ளிக்கூடம் போகிறாளா என்று கேட்கத்தான். மிருதுளா அவரைப் பார்த்த பார்வையில் ஒரு அடி பின்வாங்கினார்.

“போயிட்டு வாங்க சார்,” என்று கதவை மெல்லச் சாத்தினாள்.

மறுநாள் காலை பதினொரு மணிக்குப் பெட்டியைக் கழற்றப் பேட்டரி அறைக்குப் போனார். திரை எரிந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு பொத்தான். அழுத்தினால் மூன்று சி-யில் மேசை விளக்கு எரிகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். எரியவில்லை என்றால் அவள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள். அறுபத்தேழு வயதில் இதைவிட எதையும் தெரிந்துகொள்ள அவருக்கு ஆசை வந்ததில்லை. விரல் பொத்தான் மேல் போய் நின்றது. பிறகு பெட்டியைத் திரை சுவரைப் பார்க்கிற மாதிரி திருப்பி வைத்தார். கிளாம்பைக் கழற்றி, சில்லில் இருந்த பதிவையெல்லாம் அழித்தார்.

வெள்ளிக்கிழமை முழுக்க உட்கார்ந்து கிரைண்டரைச் சரி செய்தார். இரண்டு மாசக் கத்தலுக்குக் காரணம் பெல்ட் பக்கத்தில் தளர்ந்துபோன ஒரே ஒரு திருகு. முடுக்கியதும் பூனைபோல ஓடியது. கலாமணி கல்லைத் தொட்டுப் பார்த்து, “இதுக்கா இத்தன நாளு,” என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் அழைப்பு மணி அடித்தது. அரசு மின்சாரம் வருகிற நேரம், கலாமணி ஏ.சி. அறையில் இருந்தாள். வெள்ளியங்கிரி கதவைத் திறந்தார். ஆதிரை நின்றிருந்தாள், நெஞ்சோடு ஒரு நோட்டை அணைத்துக்கொண்டு. அவரைப் பார்க்காமல் கதவு நிலையைப் பார்த்துக் கேட்டாள்.

“பெரீம்மா இருக்காங்களா?”

“உள்ள இருக்குது,” என்றார். வழிவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

அவள் போனாள். அறைக் கதவு முழுசாகச் சாத்தவில்லை. அவர் சமையலறையில் கிரைண்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். முதலில் கலாமணியின் குரல், அப்புறம் அந்தப் பெண்ணின் குரல். சன்னமாகத்தான் பேசினாள். ஆனால் அவர் காதைப் பற்றித்தான் தெரியுமே. “திங்கக்கெழமை போனேன் பெரீம்மா, டீச்சரு…” என்று தொடங்கியது தெளிவாக வந்து விழுந்தது.

வெள்ளியங்கிரி எழுந்து கிரைண்டரில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிச் சுவிட்சைப் போட்டார். அது சத்தமே இல்லாமல் சுழன்றது. டீச்சர் என்ன சொன்னார் என்பது அறையிலிருந்து வந்துகொண்டிருந்தது. அவர் அவசரமாகக் குனிந்து, ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, நேற்று முடுக்கிய திருகைத் தளர்த்தினார். இரண்டு சுற்று. கிரைண்டர் பழையபடி கத்த ஆரம்பித்தது. வீடு முழுக்க அந்தச் சத்தம் நிறைந்தது.

“ஏங்க,” என்று கலாமணி உள்ளிருந்து குரலை உயர்த்தினாள். “நேத்துத்தான செரி பண்ணுனீங்க?”

“மறுபடியும் தளந்திருச்சு,” என்றார்.